பத்து நிமிடம் முந்திய கடிகாரம்

எனக்குப் பயம் வந்தால் முதலில் காது சூடாகும். அடுத்து உள்ளங்கை நனையும். எதற்காகப் பயப்படுகிறேன் என்பது மூன்றாவதாகத்தான் தெரியவரும். அந்தப் புதன்கிழமை மத்தியானம் ஆராய்ச்சி மாணவர் அறையில் பக்கத்து மேசைக்காரன் என்னிடம் ஒரு சாதாரணக் கேள்வி கேட்டான். அவன் கேட்டு முடிப்பதற்குள் என் காது இரண்டும் கொதித்தன.

கேள்வியைச் சொல்வதற்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முனைவர் பட்டத்துக்காக ஆறு வருடமாகப் பல்கலைக்கழகத்தில் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருப்பவள் நான். ஆராய்ச்சி மாணவர்கள் பட்டம் வாங்காமல் பாதியிலேயே ஏன் போய்விடுகிறார்கள் என்பதுதான் என் ஆய்வுத் தலைப்பு. இதைச் சொன்னதும் எல்லாரும் "அப்ப நீ எப்பப் போகப் போற?" என்று கேட்பார்கள். முதல் வருடம் நானும் சேர்ந்து சிரித்தேன். மூன்றாம் வருடத்திலிருந்து கேட்டவர்களைக் கடித்துக் குதறலாம் போல இருந்தது. அப்பா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். நான் சேர்ந்த அன்றைக்கே, என் மகள் டாக்டர் என்று தெரு முழுக்க டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டார். எதிர்வீட்டுக்காரர் இன்றைக்கும் இருமல் வந்தால் என்னிடம்தான் மருந்து கேட்கிறார். அந்த மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாக வேண்டும். ஒரு முறை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது, இன்னொன்று கிடையாது. பேராசிரியரின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

பேராசிரியர் என்றால் என் நெறியாளர். அவரைப் பற்றிப் பிறகு.

ஆய்வுக்காகப் பல்கலைக்கழகப் பதிவறையில் இரண்டு வருடம் தூசி தின்றேன். படிப்பை விட்டுப் போகிற ஒவ்வொருவரும் ஒரு பக்க விலகல் படிவம் நிரப்பித் தர வேண்டும். அதில் காரணம் என்ற இடத்தில் ஐந்து கட்டங்கள் இருக்கும். உடல்நிலை, திருமணம், வேலை, சொந்தக் காரணம், வேறு. பத்துப் பேரில் ஒன்பது பேர் சொந்தக் காரணத்தில்தான் டிக் போட்டிருந்தார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நாலு வருடம், ஐந்து வருடம் உழைத்துவிட்டுப் போகிறவன் ஒரு வரி உண்மை எழுதிவிட்டுப் போகக் கூடாதா? முதல் அத்தியாயத்திலேயே, விலகுவோர் உண்மையை மறைக்கிறார்கள் என்று சூடாக எழுதிவைத்தேன். சில படிவங்களில் அந்தக் கட்டத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி இருந்தது. அலுவலகத்தார் எண்ணும்போது வைத்ததாக இருக்கும் என்று அதையும் அடிக்குறிப்பில் சேர்த்தேன். ஆராய்ச்சி மாணவி அல்லவா, புள்ளியைக்கூட விடுவதில்லை.

படிவம் பேசாது என்று தெரிந்ததும், போனவர்களையே தேடிப் போய்ப் பேட்டி எடுத்தேன். இருபத்திரண்டு பேர் கிடைத்தார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு தாளில் நானும் கையெழுத்துப் போட்டு, அவர்களிடமும் வாங்கிக்கொண்டேன். உங்கள் பெயரோ உங்களை இன்னார் என்று காட்டும் எதுவுமோ வெளியே வராது என்று அதில் இருக்கும். அதன்பின் அவர்களுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். எந்த எண் யார் என்கிற பட்டியல் ஒரே ஒரு நாற்பது பக்க நோட்டில், அக்கா வீட்டு பீரோவில், துணிகளுக்கு அடியில் இருந்தது.

பதினொன்றாம் எண் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எங்கள் பல்கலைக்கழக நூலகத்திலேயே, திரும்பி வரும் புத்தகங்களை வாங்கிவைக்கும் கவுண்டரில் ஒப்பந்த ஊழியர். ஒரு காலத்தில் என் பேராசிரியரின் மாணவி. ஒன்பது வருடத்துக்கு முன் படிப்பை விட்டவர். வருடா வருடம் அவருடைய வேலையை நூலகக் குழு புதுப்பிக்க வேண்டும். குழுவின் தலைவர் பேராசிரியர். வீட்டில் படுத்த படுக்கையாக அம்மா, பள்ளிக்கூடம் போகும் மகன், சம்பளம் வாங்குவது இவர் ஒருவர்தான். தாளை இரண்டு முறை படித்துவிட்டு, "இது நிஜமா?" என்று கேட்டார். சத்தியமா மேடம் என்று சொன்னேன். அதன்பிறகுதான் பேனாவைத் திறந்தார்.

பேராசிரியரின் பழைய மாணவர்களை நான் பேட்டி எடுத்தது அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. நாலு, பதினொன்று, பத்தொன்பது என்று மூன்று பேர். எழுதும்போது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எல்லாவற்றையும் துடைத்தேன். துறை, வருடம், ஊர், எத்தனை பிள்ளைகள், எல்லாம் போயிற்று. ஒருவர் தன்னுடைய சிவப்பு சைக்கிளைப் பற்றிச் சொன்னதில் சிவப்பைக்கூட எடுத்துவிட்டேன். பேட்டிகள் உள்ள அத்தியாயத்தைச் சுருள் கம்பி போட்டுத் தைத்துத் திங்கட்கிழமை பேராசிரியரின் மேசைத் தட்டில் வைத்துவிட்டு வந்தேன்.

இப்போது அந்தக் கேள்வி. பக்கத்து மேசைக்காரன் வேறொரு பேராசிரியையின் மாணவன், நல்லவன், எழுத்துப்பிழை பார்ப்பதில் கில்லாடி. என் பிரதி ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தவன் தொண்ணூற்று நாலாம் பக்கத்தில் நிறுத்திச் சிரித்தான்.

"யாருப்பா இந்த ஆளு, ரூம்ல கடிகாரத்த பத்து நிமிஷம் முன்னாடி ஓட விடுறது?"

பதினொன்று சொன்னதை அவர் சொன்னபடியே அங்கே போட்டிருந்தேன். 'அந்த ரூம்ல கடிகாரம் பத்து நிமிஷம் முன்னாடி ஓடும். சரியான நேரத்துக்குப் போனாலும் நாம லேட். அதனால கதவத் தொறக்கும்போதே மன்னிப்பு கேட்டுட்டுத்தான் உள்ள போவேன். அப்படிப் போனா அப்புறம் வாயைத் தொறக்கவே வராது.'

எல்லா நெறியாளர் அறையிலும் அப்படித்தானே என்றேன் நான். வேண்டுமென்று சொல்லவில்லை, அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "எங்க மேடம் ரூம்ல கடிகாரமே இல்ல," என்றான்.

சிவப்பு சைக்கிளைத் துடைத்த என் கண்ணுக்கு அந்தக் கடிகாரம் படவே இல்லை. ஆறு வருடமாக அதன் அடியில் நின்று மன்னிப்புக் கேட்டவளுக்கு அது சுவர் மாதிரி, மின்விசிறி மாதிரி ஆகிவிட்டிருந்தது. அவருடைய மாணவர்களைத் தவிர வேறு யாராக இருந்தாலும் முதல் வாசிப்பிலேயே பிடித்திருப்பார்கள். நான் அவருடைய மாணவி, அதனால் பிடிக்கவில்லை.

அன்று இரண்டிலிருந்து நாலு வரை பேராசிரியருக்கு நூலகக் குழுக் கூட்டம். மணி இரண்டு தாண்டியிருந்தது. அந்த வரிகளை எடுத்துவிட்டுத் தொண்ணூற்று நாலாம் பக்கத்தை மறுபடி அச்செடுத்தேன். எங்கள் துறையின் சாவியெல்லாம் ஒரு அண்ணனிடம் இருக்கும், சாவி அண்ணன் என்றே பெயர். ஒரு பக்கத்தில் தப்பு இருக்கிறது, மாற்றி வைக்க வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். பொய் இல்லை. அவர் கதவைத் திறந்துவிட்டு, சீக்கிரம் வாம்மா, நான் ஒரு டீ சொல்லிட்டு வந்துடுறேன் என்று போனார்.

உள்ளே நுழைந்ததும் "மன்னிச்சிடுங்க சார், லேட்டாயிடுச்சு" என்றேன். அறையில் யாரும் இல்லை. நாற்காலிக்குத்தான் சொல்லியிருக்கிறேன்.

அத்தியாயம் நான் வைத்த இடத்திலேயே, வைத்த கோணத்திலேயே இருந்தது. அவர் படித்தால் சிவப்புப் பேனாவால் பக்கத்தைக் காயப்படுத்தாமல் விடமாட்டார். ஒரு கோடுகூட இல்லை. அப்பாடா, தலை தப்பியது என்று நினைத்தேன். சுருள் கம்பியை நெம்பி, பழைய பக்கத்தை உருவி, புதியதைச் செருகினேன். விரல் நுனி கிழிந்து ரத்தம் வந்தது, தாளில் படாமல் பார்த்துக்கொண்டேன். பழைய பக்கத்தை மடித்துப் பையில் போட்ட பிறகு நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு இருபத்தைந்து. பத்தைக் கழித்தால் இரண்டே கால். அவர் வருவதற்கு நிறைய நேரம் இருக்கிறது. பழக்கதோஷம், கைபேசியையும் ஒரு தடவை பார்த்தேன்.

கைபேசியிலும் இரண்டு இருபத்தைந்து.

கடிகாரம் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. ஆறு வருடத்தில் முதல் முறை. ஒரு கோடு போடாமல், ஒரு முனை மடக்காமல் அவர் தொண்ணூற்று நாலாம் பக்கத்தைப் படித்திருக்கிறார். படித்துவிட்டு எழுந்து போய், ஸ்டூல் போட்டு ஏறி, முள்ளைத் திருப்பியிருக்கிறார். சுவரோரம் அந்த ஸ்டூல் கிடந்தது. உலகத்தில் எந்தக் கடிகாரமும் சரியான நேரத்தைக் காட்டி ஒருவரை இப்படி நடுங்கவைத்திருக்காது.

அடுத்த நொடி இன்னொன்று உறைத்தது. அவர் படித்துவிட்ட பக்கத்தை நான் இப்போது மாற்றியிருக்கிறேன். தப்பைத் திருத்த வந்து நானே திருடியாகிவிட்டது. பழைய பக்கத்தை மறுபடி செருகலாம் என்று பையைத் திறந்தேன். நடைபாதையில் சாவிக் கொத்து குலுங்கும் சத்தம் கேட்டது. பையை மூடிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். சாவி அண்ணன், என்னம்மா பேயறைஞ்ச மாதிரி இருக்க என்றார். வெயில் அண்ணே என்றேன். வெளியே மேகம் மூடிக் கிடந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் கூப்பிட்டனுப்பினார். பேராசிரியர் கத்துகிற ஆள் இல்லை. ஆறு வருடத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எல்லாரையும் வாங்க, உட்காருங்க என்றுதான் சொல்வார். எதிரே உட்கார்ந்தவர்களுக்கு முதுகுத்தண்டு சில்லிட்டுப்போவது வேறு விஷயம்.

"தொண்ணூத்தி நாலாம் பக்கம் முன்னாடி இன்னும் நல்லா இருந்துச்சு," என்றார்.

அவர் புன்னகை மாறாமல் பேசிக்கொண்டே போனார். ஆய்வு அருமை என்றார். ஆனால் தரவைச் சரிபார்க்காமல் ஒரு நெறியாளர் எப்படிக் கையெழுத்திட முடியும் என்று கேட்டார். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் நாளைக்குக் கேட்டால் பதில் சொல்ல வேண்டியது அவர்தானாம். அதனால் எந்த எண் யார் என்ற பட்டியல் வேண்டும், வெள்ளிக்கிழமை காலை கொண்டுவர வேண்டும், பார்த்துவிட்டு அப்போதே கையெழுத்துப் போட்டுவிடுவார். பட்டியல் இல்லையென்றால் தரவு இல்லை, தரவு இல்லையென்றால் ஆய்வேடு இல்லை. இதையெல்லாம் சொன்னபோது ஒரே ஒரு முறை கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் கணக்குப் போட்டேன். அவரிடமிருந்து விலகிப் போனவர்கள் மொத்தம் ஏழு பேர். கடிகாரத்தைப் பற்றிச் சொன்னது அவர்களில் ஒருவர் என்பது அவருக்குத் தெரியும். எவர் என்று தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழி என் நோட்டு. புகார் செய்திருக்கலாமே என்பீர்கள். புகார்க் குழுவின் தலைவர் யார் என்று என்னைக் கேட்காதீர்கள்.

நேராக நூலகம் போனேன். பதினொன்று வண்டியில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அலமாரிகளுக்கு நடுவில் கூட்டிப்போய், மென்று முழுங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. கையிலிருந்த புத்தகத்தின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அழுவார் என்று நினைத்தேன். திட்டுவார் என்றும் நினைத்தேன், திட்டினால் தேவலை என்றிருந்தது.

"புதுப்பிக்கிற ஃபைல் இப்பதான் அவர் மேசைக்குப் போயிருக்கு," என்றார். "பேர் வராதுன்னு நீதானே சொன்ன?"

ஆமாம் என்றேன். அவர் அந்தப் புத்தகத்தை வண்டியில் வைத்தார், பிறகு எடுத்தார், மறுபடி வைத்தார். "எனக்கு அவரைப் பாத்தா இன்னும் கை நடுங்கும்மா. ஒம்போது வருஷமாச்சு. புத்தகம் எடுக்க வந்தா, நான் பின்னாடி போயிடுவேன்," என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். என்னைக் கொடுக்காதே என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் கோபமாவது வந்திருக்கும்.

சாயங்காலம் அக்கா வீட்டில் நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அக்கா பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பில் வேலை செய்கிறவள். பயந்தவர்களைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவாள், நாள் முழுக்க அதுதானே பிழைப்பு. என்னை உலுக்கி விஷயத்தைக் கறந்தாள். கேட்டு முடித்ததும் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"குடுத்துடு," என்றாள். "மூணு பேரும் உனக்கு மாமனா மச்சானா? ஆறு வருஷமா நீ நிம்மதியாத் தூங்கி நான் பாக்கல. அப்பா ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காரு."

அவள் சொன்னது அத்தனையும் நான் வழியெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டு வந்ததுதான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பஸ்ஸில் வரும்போது கொடுத்துவிடுவது என்று முடிவே செய்திருந்தேன். ஒருவேளை அவர் ஒன்றும் செய்யமாட்டார், சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார் என்றெல்லாம் எனக்கு நானே காதில் பூச் சுற்றிக்கொண்டேன். ஆனால் நோட்டைத் திறந்து பதினொன்றுக்கு நேராக இருந்த பெயரைப் பார்த்ததும், இது நிஜமா என்று அவர் கேட்ட குரல்தான் காதில் கேட்டது. அக்காவிடம், நான் அந்தம்மாவிடம் சத்தியம் செய்திருக்கிறேன் என்று சொன்னேன்.

அக்கா அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அவளுக்குச் சத்தியம் என்றால் சத்தியம்தான், சின்ன வயதிலிருந்தே அப்படி. என் பக்கத்தில் உட்கார்ந்து மடியிலிருந்த நோட்டைத் தொட்டாள்.

"இதக் கிழிச்சுட்டா நீ டாக்டர் இல்லையா?"

"இல்லக்கா."

அவள் எழுந்து போய்க் குளியலறையிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து பக்கம் பக்கமாகக் கிழித்து ஊறப்போட்டோம். மை பேனாவால் எழுதியிருந்தேன், தண்ணீர் நீலமாயிற்று. எனக்குத் துணிச்சல் வந்ததாக நினைக்க வேண்டாம். நோட்டு இருந்தால் வெள்ளிக்கிழமை காலை அவர் முன்னால் நான் அதை நீட்டிவிடுவேன் என்று என்னைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும். இல்லாததை நீட்ட முடியாது, அந்தத் தைரியம்தான்.

வெள்ளிக்கிழமை பத்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே போய் நின்றேன். கதவைத் திறந்ததும் மன்னிப்புக் கேட்டேன். பேராசிரியர், சீக்கிரமாத்தானே வந்திருக்கீங்க, உட்காருங்க என்றார். பட்டியல் இல்லை சார், அழித்துவிட்டேன் என்றேன். இந்த ஒரு வாக்கியத்தைப் பஸ்ஸில் நாற்பது முறை சொல்லிப் பார்த்திருந்தேன். அதன்பின் என்ன நடந்தாலும் என் கையில் இல்லை என்று ஒரு நிம்மதி வந்தது.

அவர் முகம் மாறவே இல்லை.

"பரவாயில்ல," என்றார். "நீங்கதானே பேட்டி எடுத்தீங்க, ஞாபகம் இருக்குமே. இருபத்திரண்டு பேரும் வேண்டாம். என்கிட்ட படிச்சவங்க பேர் மட்டும் சொல்லுங்க."

ஒரு வெள்ளைத் தாளை என் பக்கமாகத் தள்ளினார். மேலே ஒரு பேனாவையும் வைத்தார்.

இதை நான் யோசிக்கவில்லை. நானும் அக்காவும் வாளியில் ஊறவைத்தது வெறும் காகிதத்தை. இருபத்திரண்டு பெயரும் எனக்கு அட்சரம் பிசகாமல் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன். பதினொன்றின் பெயர் அப்போது என் வாய்க்குள் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. சொல்லிவிட்டால் மாதக் கடைசியில் சமர்ப்பிக்கலாம். அப்பா முன்னால் நிமிர்ந்து நடக்கலாம். மூன்று பெயர், மூன்று விநாடிகூட ஆகாது. காது எரிந்தது. கையைத் துணியில் துடைத்தேன், துடைக்கத் துடைக்க நனைந்தது. கடிகார முள் நகரும் சத்தம் அந்த அறையில் கேட்கும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"ஞாபகம் இல்ல சார்," என்றேன்.

நான் பொய் சொல்கிறேன் என்று அந்த அறையின் நாற்காலிக்குக்கூடத் தெரிந்திருக்கும். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருத்தர் பெயர்கூடவா என்று கேட்டார். ஒருத்தர் பெயர்கூட இல்லை சார் என்றேன். இன்னொரு முறை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இன்றைக்கும் அதை நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது. அவர் கேட்கவில்லை.

தாளை எடுத்துக்கொண்டு, இப்படிப்பட்ட ஞாபகசக்தியோடு வாய்மொழித் தேர்வில் எப்படி நிற்பீர்கள் என்று வருத்தமாகச் சொன்னார். அந்த அத்தியாயம் இல்லாமல் ஆய்வேடு இல்லை, நேரமும் இல்லை. விசாரணை, அது இது என்று போனால் பாவம் அந்த இருபத்திரண்டு பேருக்கும்தான் தொந்தரவு. நீங்களாக விலகிக்கொண்டால் யாருக்கும் எந்தக் கேள்வியும் இருக்காது, நானும் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறேன் என்றார். சொல்லிக்கொண்டே மேசையின் இரண்டாவது இழுப்பறையைத் திறந்தார். அதில் விலகல் படிவங்கள் ஒரு கட்டு இருந்தன. அலுவலகத்தில் வரிசையில் நின்று வாங்க வேண்டிய படிவத்தை அவர் கட்டாக வைத்திருந்தார்.

ஒன்றை உருவி எடுத்து, பென்சிலால் ஒரு கட்டத்தின் ஓரத்தில் சின்னதாகப் புள்ளி வைத்து என்னிடம் நீட்டினார்.

"இங்க ஒரு டிக் போட்டுடுங்க."

சொந்தக் காரணம்.

பதிவறையில் நான் எண்ணிய புள்ளிகள் கண்முன் வரிசையாக வந்தன. அலுவலகத்தார் வைத்தது என்று அடிக்குறிப்பில் எழுதியவள் நான். உண்மையை மறைக்கிறார்கள் என்று சூடாக எழுதியவளும் நான்தான். நாலு, பதினொன்று, பத்தொன்பது மூவரிடமும் மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன், ஒருவர்கூட இந்தப் புள்ளியைச் சொல்லவில்லை. அவர்களுக்கு அது சொல்லத் தக்கதாகவே பட்டிருக்காது, எனக்குக் கடிகாரம் படாத மாதிரி. ஒவ்வொருவரும் யாரையோ எதையோ காப்பாற்றிக்கொள்ள இந்த நாற்காலியில் உட்கார்ந்து அந்த டிக்கைப் போட்டிருப்பார்கள். எனக்கு அழுகை வந்தது. அவர் முன்னால் அழக் கூடாது என்று கன்னத்தின் உள்பக்கத்தைக் கடித்துக்கொண்டு டிக் போட்டேன். அவர் கீழே கையெழுத்திட்டார். ஆறு வருடமாக நான் காத்திருந்த கையெழுத்து, அழகாகத்தான் இருந்தது.

படிவத்தை அலுவலகத்தில் கொடுப்பதற்கு முன், புத்தகம் ஏதும் திருப்ப வேண்டியதில்லை என்று நூலகத்தில் முத்திரை வாங்க வேண்டும். கவுண்டரில் பதினொன்று இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"பேர் சொன்னியா?"

"இல்ல மேடம்."

அவர் உட்கார்ந்துவிட்டார். நன்றி சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. என் தவறால் வந்ததுதானே எல்லாம். பிறகு படிவத்தை வாங்கி முத்திரையை மையில் ஒற்றினார். குத்தப் போனவர் கையை நிறுத்தினார். டிக்குக்குப் பக்கத்தில் இருந்த புள்ளியின் மேல் விரலை வைத்தார்.

"இன்னும் வைக்கிறாரா?" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். எனக்குப் பின்னால் ஒரு மாணவன் நாலு புத்தகத்தோடு நின்றுகொண்டிருந்தான். அவர் முத்திரையைக் குத்தினார், தேதி எழுதினார். படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்து, தன் மை பேனாவையும் அதன் மேல் வைத்தார். எதற்கு என்று அவர் சொல்லவில்லை. பதிவறையில் பென்சில் தூசியோடு தூசியாக மங்கிப்போவது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பேனாவை எடுத்தேன். புள்ளியின் மேலேயே அழுத்தி, நன்றாகக் கறுக்கும் வரை வைத்தேன். இன்னொருத்தி என்றைக்காவது தூசி தின்றுகொண்டே எண்ண வருவாள், அவளாவது இதை அலுவலகத்தார் வைத்தது என்று அடிக்குறிப்பு எழுதாமல் இருக்கட்டும். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தேன். பதினொன்று அதை வாங்கிக்கொண்டு, எனக்குப் பின்னால் நின்ற மாணவனிடம் புத்தகங்களைக் கேட்டார்.

அலுவலகத்துக்குப் போகிற வழியில் பேராசிரியர் பின்னால் வருகிறாரோ என்று மூன்று முறை திரும்பிப் பார்த்தேன்.